கால் எலும்பு வைத்த கை

என் வலது புறங்கையில், மோதிரவிரலுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. அதற்குச் சோடியாக இடது பாதத்தின் மேலும் ஒன்று. கையைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டுவேன். கையில் இருக்கிற எலும்பு காலில் இருந்து வந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் கதை நொண்டும். "சுருக்கமாச் சொல்லுமன்" என்பார் என் மனுசன். அவருக்கென்ன, அவருடைய எலும்புகள் எல்லாம் பிறந்தபோது வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

நாங்கள் மன்னார், பாப்பாமோட்டைப் பக்கத்துக் கமக்காரர், வயல் செய்கிற சனம். சண்டையில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது ஊர் என்று சொல்ல ஒரு பிள்ளையார் கோயிலும் ஒரு குளமும்தான் மிச்சம். வயலெல்லாம் பற்றைக்காடு. மிதிவெடி எடுத்து முடித்துவிட்டோம் என்று அறிவித்த பிறகும் முதல் மாதம் எல்லோரும் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி யோசித்துத்தான் அடுத்த காலை வைத்தோம்.

எங்கள் ஊரில் மாரி மழையோடு தொடங்குகிற காலபோக விதைப்புக்கு ஒரு முறை உண்டு. நாள் பார்த்து, காலையில் விதைநெல் நிறைந்த ஓலைக் கடகத்தைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவோம். கைராசி உள்ள ஒருவர் அதில் ஒரு பிடி அள்ளி, மூடிய கையோடு, குளத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசடி வயல்வரை நடந்து போய் முதல் விதையை எறிவார். அதன் பிறகுதான் மற்றவர்கள் விதைக்கலாம். போகிற வழியில் யாரோடும் கதைக்கக் கூடாது. கையைத் திறக்கக் கூடாது. ஒரு நெல்கூடச் சிந்தக் கூடாது. சிந்தினால் அந்த வருசம் விளைச்சலும் சிந்திப்போகும் என்பது ஊர் நம்பிக்கை.

திரும்பி வந்த முதல் விதைப்பில் அந்தப் பிடியை எடுக்க ஆளில்லை. முன்பு எடுத்தவர் முகாமிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கமக்காரர் அமைப்புத் தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்தார்கள். விளையாவிட்டால் ஆயுள் முழுக்கத் திட்டு வாங்குவது யார்? நான் எல்லோருக்கும் பிளேன்ரீ கொண்டுபோன கேத்திலோடு நின்றேன். தேத்தண்ணி ஆறுகிறது, இவர்கள் வானம் பார்க்கிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேத்திலை நிலத்தில் வைத்தேன், ஒரு பிடி அள்ளினேன், விறுவிறுவென்று நடந்து போய் எறிந்துவிட்டு வந்து தேத்தண்ணியை ஊற்றினேன். அந்த முறை நெல் அப்படி ஒரு விளைச்சல். அதோடு நான் கைராசிக்காரி ஆனேன்.

உள்ளதைச் சொன்னால், நான் அதை நம்பவில்லை. ஆனால் நல்லாய் அனுபவித்தேன். விதைப்பு நாளில் முதல் வெற்றிலை எனக்கு. கலியாணவீட்டில் பந்தலுக்கு முதல் கால் நட என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மாடு கன்று போடப் பிந்தினால்கூட என்னை வந்து தடவச் சொன்னார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த அரை மைல் தூரம் வாயைத் திறக்காமல் நடப்பது.

நாலாவது வருசம் புறங்கை வீங்கியது. மண்வெட்டி பிடித்த நோவு என்று நினைத்தேன். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் எண்ணெய் போட்டுக் கட்டினார். வீக்கம் எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கொழுத்தது. ஒருநாள் அதே கேத்திலைத் தூக்கும்போது கைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரிச் சத்தம். கேத்தில் விழுந்தது, நான் விழவில்லை, ஆனால் ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மற்ற எலும்பெல்லாம் நேர்கோடாக இருக்க, மோதிரவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு மட்டும் சவர்க்கார நுரை மாதிரி ஊதிக் கிடந்தது. எலும்புக்குள்ளே வளருகிற கட்டி என்றார்கள். கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். வெளியே வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கழுதை நின்று என் கையில் இருந்த பெரிய எக்ஸ்ரே உறையை நக்கப் பார்த்தது. "போ சனியன், உள்ளதையும் தின்னாதை" என்று அதைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கழுதை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து போனது.

கொழும்பில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். உடம்பெல்லாம் ஓடுகிற சாதி இல்லையாம். ஆனால் இருக்கிற இடத்து எலும்பைத் தின்னும், சுரண்டி எடுத்தால் திரும்பியும் வரும். என்னுடையது முழு எலும்பையும் தின்றுவிட்டதால் சுரண்ட ஒன்றும் மிச்சமில்லை. சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் சிங்களவர், மெலிந்த மனிதர், கதைப்பது மெதுவாக. தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று சொன்னாள்.

"எலும்பையும் அந்த விரலையும் சேர்த்து எடுத்தா கெதியாச் சுகம் வருமாம் அக்கா. மூண்டு விரலும் பெருவிரலும் மிஞ்சும். கையால என்ன வேலை செய்யிறனீங்கள் எண்டு கேக்கிறார்."

வாயால் சொன்னால் விளங்காது என்று நினைத்தேன். டொக்டரின் மேசையில் ஒரு கிண்ணம் நிறையக் கடதாசி கிளிப் இருந்தது. நோவில்லாத இடது கையால் ஒரு பிடி அள்ளி, மூடி, வாயை இறுக்கிக்கொண்டு கதவுவரை நடந்துபோய், நிறை பார்க்கிற தராசின் மேல் வீசி எறிந்தேன். சிலிர்சிலிர் என்று கொட்டியது. என் மனுசன் கதிரையில் இருந்தபடி தலையில் கை வைத்தார். நேர்ஸ் சிரித்துச் சிரித்து, விதைப்பு, பிள்ளையார், சிந்தக் கூடாது எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. குனிந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு என் வலது கையை வாங்கி விரல்களை மடக்கி, எங்கே இடைவெளி வரும் என்று பார்த்தார்.

"விரலை எடுத்தா கை மூடும், ஆனா இடையால நெல்லு கொட்டுமாம்," என்றாள் நேர்ஸ். "பாதத்தில, நாலாம் விரலுக்குப் பின்னால ஒரு எலும்பு இருக்காம். நீட்டும் தடிப்பும் கிட்டத்தட்ட ஒண்டு. அதை எடுத்துக் கையில வைக்கலாம். விரல் மிஞ்சும். ஆனா கனநாள் பயிற்சி செய்ய வேணுமாம். முழுசா மூடுமோ எண்டு இப்ப சொல்ல ஏலாதாம்."

"காலோ?" என்றேன்.

"கால்தான் அக்கா."

நான் மனுசனைப் பார்த்தேன். அவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் தன்னுடையதைக் கொடுக்கலாமோ என்று யோசிப்பது போல. நல்ல மனுசன். அப்போது நினைத்தேன், எனக்கு வேண்டியது அந்தப் பிடிதான். வெற்றிலையும் வேண்டாம், பந்தற்காலும் வேண்டாம். ஒரு பிடி நெல்லை மூடிக்கொண்டு நடக்கிற கை வேண்டும். "வையுங்கோ," என்றேன்.

ஒப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, பிள்ளையாரே, கையைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். கண் விழித்தபோது கையும் கட்டு, காலும் கட்டு. விரல்களை எண்ணினேன். பத்தும் பத்தும் இருபது. பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வரும்போது மனுசனிடம் சத்தியம் வாங்கினேன். "இஞ்சாருங்கோ, கால் எலும்பு எண்டு ஊரில மூச்சுக் காட்டக் கூடாது. இடுப்பு எலும்பு எண்டு சொல்லுவம். இடுப்பு மரியாதையான இடம்." ஓமோம் என்று தலையாட்டினார். பஸ் மதவாச்சி தாண்டவில்லை, பக்கத்து ஆசனத்து ஆள் "என்ன விபத்தோ?" என்று கேட்டார். என் மனுசனுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. "விபத்தோ? கால் எலும்பை எடுத்துக் கையில வைச்சிருக்கு!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். பின் ஆசனத்தில், எங்கள் ஊரைத் தாண்டி இலுப்பைக்கடவைக்குப் போகிற மனுசி ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டு அடுப்பு மூட்ட முன்னம் செய்தி ஊருக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தலைவர் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்தார். சுகம் விசாரித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, உள்ளுக்கு இருக்கிறது கால் எலும்பாமே?"

"ஓம் அண்ணை. என்ர கால்தான். வேற ஆரின்ரயும் களவெடுக்கேல்ல."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. ஊர் கதைக்குது. விதைநெல்லைக் காலால தொடலாமோ எண்டு."

நெல்லில் கால் தட்டுப்பட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம் நாங்கள். ஊர் கதைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"சூடு மிதிச்சு நெல்லு உதிர்க்கேக்க காலாலதானே மிதிச்சனாங்கள்?" என்றார் என் மனுசன், செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக.

"அது விளைஞ்ச நெல்லு. இது விதைநெல்லு," என்றார் தலைவர். "இந்த முறை என்ர மருமகள் எடுக்கட்டும். நீர் ஆறுதலா இரும் தங்கச்சி."

அவர் போன பிறகு பிஸ்கட் பெட்டியை அலுமாரிக்கு மேல் எறிந்தேன், இடது கையால். அது அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. பிறகு பசியில் ஒருநாள் நானே எடுத்துத் தின்றேன், அது வேறு கதை.

பிளாஸ்டர் வெட்டியபோது வெளியே வந்தது என் கை இல்லை. மெலிந்து, வெளுத்து, கட்டை போல விறைத்த ஏதோ ஒன்று. மூடச் சொன்னால் பெருவிரல் மட்டும் கொஞ்சம் மரியாதை காட்டியது. கிழமைக்கு இரண்டு தரம் மன்னாருக்குப் பஸ் ஏறினேன். பயிற்சி தந்த பிள்ளை தீவுப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, தகப்பன் மீன்பிடிகாரர். வாய் எனக்குச் சளைத்ததில்லை.

"அக்கா, அழுறதெண்டா அழுங்கோ, ஆனா அழுதுகொண்டு மடக்குங்கோ."

"உனக்கு இரக்கமே இல்லையோ பிள்ளை?"

"இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில உங்களுக்காக மண்டாடுறன். கிழமை நாளில மடக்கத்தான் வேணும்."

மா உருண்டை ஒன்று தந்து பிசையச் சொன்னாள். எனக்கு மாவில் மனம் செல்லவில்லை. வீட்டில் நெல் எடுத்தேன். குசினி வாசலில் ஒரு பிடி அள்ளி, கிணற்றடிவரை நடப்பது. மோதிரவிரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டை. அதற்குள்ளால் பொலபொலவென்று கொட்டும். கிணற்றடியில் கையைத் திறந்தால் உள்ளங்கையில் ஏழெட்டு நெல் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கோழிகளுக்கு விசயம் முதல் நாளே விளங்கிவிட்டது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்தன. பிறகு நான் குசினி வாசலுக்கு வந்தாலே போதும், வரிசையாக நிற்கும். முன்னால் நான் ஒரு காலை இழுத்து இழுத்து, பின்னால் பதினைந்து கோழி. "சுவாமி வெளிக்கிடுது," என்பார் என் மனுசன். சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். கோழிகளைக் கண்டாலே தெரியும், இன்றைக்கும் கொட்டுகிறது என்று.

அந்த வருச விதைப்பு வந்தது. கை பாதிதான் மூடியது. வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று தெரியும். குளித்து, சீலை உடுத்துக் கோயிலுக்குப் போனேன். தலைவர், அவர் மருமகள், முழு ஊரும் நின்றது. கடகம் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தது. மருமகள் பாவம், வெருண்டுபோய் நின்றாள். விளையாவிட்டால் திட்டு அவளுக்குத்தானே. தலைவர் என்னைக் கண்டதும், "தங்கச்சி, அண்டைக்கே சொன்னனான் எல்லே..." என்று தொடங்கினார்.

நான் பதிலுக்கு என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்துக்கொண்டு போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், பிள்ளையார் தும்பிக்கையோடு இருந்தார்.

"அண்ணை, உள்ளுக்கு இருக்கிறவரைப் பாருங்கோ. ஆரின்ர தலை அது? அவரின்ரயோ? யானையின்ர தலையை வெட்டி அவருக்கு வைச்சது. எண்டாலும் முதல் பூசை அவருக்குத்தான். அவரின்ர தலையில பிழை இல்லை, என்ர ஒரு எலும்பிலயோ பிழை? அதுவும் நான் மிருகத்தின்ர எடுக்கேல்ல, என்ர சொந்தக் காலில இருந்து எடுத்தது!"

கோயில் ஐயர் திரும்பி நின்று விபூதித் தட்டைத் துடைத்தார்; தோள் குலுங்கியது. தலைவர் பிள்ளையாரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மருமகள்தான் கடகத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எடுங்கோ அக்கா," என்றாள், உயிர் தப்பின குரலில்.

வாயால் வென்றாகிவிட்டது. இனிக் கை. ஒரு பிடி அள்ளினேன். மூடினேன். பத்தடி போகவில்லை, சின்னவிரல் பக்கம் ஒரு நெல் நழுவியது. பிறகு இன்னொன்று. இறுக்கினேன், இறுக்க இறுக்க இன்னும் கொட்டியது. கதைக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது. முழு ஊரும் பின்னால் வருகிறது, எல்லோருடைய கண்ணும் நிலத்தில் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. துருசடியில் கையைத் திறந்தபோது இருந்தது அரைப் பிடிகூட இல்லை. எறிந்தேன். சனம் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் தங்கள் வயலுக்குப் பிரிந்து போனது. அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். வீட்டுக்குப் போய் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் மனுசன் பக்கத்தில் இருந்து என் கையைத் தடவினார், பிறகு காலையும் தடவினார்.

அன்று பின்னேரமே மழை பிடித்தது. கோழிகள் வெளியே வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தலைவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று மணி அடித்தார். "தங்கச்சி, ஓடி வாரும், வந்து பாரும்!" போய்ப் பார்த்தேன். கோயில் வாசலில் இருந்து துருசடிவரை, பாதையோரமாக, ஒரு பச்சைக் கோடு. நான் சிந்தின நெல் முளைத்திருந்தது. என் இடது கால் இழுபட்ட இடத்தில் கோடும் வளைந்து, பிறகு நேராகி, வயலில் போய்ச் சேர்ந்தது. ஊர்ச் சனம் அதில் கால் படாமல் அரக்கி அரக்கி நடந்தார்கள். தலைவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தார்.

அந்த முறை மழை அளவாகப் பெய்தது, குளம் நிறைந்தது, பூச்சியும் குறைவு. விளைச்சல் நல்லாய் வந்தது. ஆனால் ஊர் மழையையும் குளத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் அந்தக் கோட்டின் வேலை என்று தீர்மானித்தார்கள். கோயிலில் இருந்து வயலுக்கு லட்சுமி நடந்து போன வழியாம். சிந்தக் கூடாது என்ற முறையை எப்போது, யார் வைத்தது என்று தலைவரே கேட்கத் தொடங்கினார்.

நான் பயிற்சியை விடவில்லை. கொழும்புக் கிளினிக்கில் கட்டி திரும்பி வரவில்லை என்றார்கள். கால் எலும்பு கையோடு நல்லாய் ஒட்டிவிட்டது, பிறந்த வீடு மாதிரி இருக்கிறது என்று நேர்ஸ் சொன்னாள். ஒவ்வொரு நாளும் குசினியில் இருந்து கிணற்றடிக்கு. ஒருநாள் பாதி வழியில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கோழி ஒன்றும் இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டுக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. என் பின்னால் மண்ணில் ஒரு நெல்கூடக் கிடக்கவில்லை. அப்படியே நின்றேன், கையைத் திறக்கப் பயந்துகொண்டு. மனுசனுக்குக்கூட அன்று சொல்லவில்லை. அவருக்குச் சொன்னால் பஸ்ஸில் போகிற சனத்துக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்த விதைப்பு நாள். கடகத்துக்கு முன்னால் தலைவர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, போன முறை மாதிரி. அந்த ஓட்டையால கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டு போம், என்ன?"

பார்த்தால் சனம் பாதையின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கிறது, விழப்போகிற நெல்லுக்கு இடம் விட்டு. யாரோ பாதையைக் கூட்டித் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள். ஒருத்தி வலி தாங்கி, அழுது அழுது அந்த ஓட்டையை அடைத்திருக்கிறாள். இவர்கள் ஓட்டையைக் கும்பிட வந்திருக்கிறார்கள்.

அள்ளினேன். மூடினேன். நடந்தேன். சின்னவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எல்லோருக்கும் சந்தோசம். பாதி வழியில் அப்படியும் யோசித்தேன். மனம் வரவில்லை. காலில் இருந்து கைக்கு வந்த அந்த எலும்பு மற்ற எலும்புகளோடு சேர்ந்து என் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது, உள்ளே நெல்முனைகள் உள்ளங்கையில் குத்தின, அந்தக் குத்து அவ்வளவு சுகமாக இருந்தது. பின்னால் சனம் குனிந்து குனிந்து நிலத்தைத் தேடிக்கொண்டு வந்தது. "எங்க, விழுந்ததோ?" "காணேல்லையே." "அங்கால பாருங்கோ." துருசடியில் நின்று கையைத் திறந்தேன். நான் அள்ளின பிடி அப்படியே நிறைந்து இருந்தது. ஒரே வீச்சில் எறிந்தேன்.

தலைவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"தங்கச்சி, ஒண்டுமே சிந்தேல்லையே!"

எறிந்தாகிவிட்டது, இனி வாய் திறக்கலாம். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "ஒண்டுமே சிந்தேல்ல."